வாழைக்கு ஆராய்ச்சி மையம் உண்டு, தார் சுமப்பவனுக்கு?

திருச்சியிலிருந்து முசிறி வழியாக நாமக்கல் போகிற சாலையில், காவிரியின் வடகரையில் இருக்கிறது தொட்டியம். தென்னை, வெற்றிலைக் கொடிக்கால், கோரை, கரும்பு எல்லாம் உண்டு. ஆனால் வெளியூர்ச் சந்தைகளில் இந்த ஊரின் பெயரைச் சொல்ல வைப்பது வாழைதான். பூவனும் ரஸ்தாளியும் கற்பூரவள்ளியும் இங்கிருந்து லாரி லாரியாகப் போகின்றன. லாரி ரோட்டில் நிற்கும். தோட்டம் ரோட்டில் இல்லை. நடுவிலே வாய்க்கால் இருக்கிறது, சேறு இருக்கிறது, ஓர் ஆள் ஒருக்களித்து நடக்கிற வரப்பு இருக்கிறது. அந்தத் தூரத்தைக் கடப்பது எந்த யந்திரமும் அல்ல. சும்மாடு கட்டிய தலையும், கைலியை இறுக்கிக் கட்டிய இடுப்பும்தான்.

1993-ல் மத்திய சர்க்கார் திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கியது. நல்ல காரியம், வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. வாழைக்கு வரும் நூற்புழுவையும் வாடல் நோயையும் படித்தவர்கள் ஆராயட்டும். ஆனால் அந்த வாழையின் தாரைச் சுமந்து சுமந்து அடிவயிறு விட்டுப் போனவனின் நோயைப் பற்றி எந்த நிலையம் ஆராய்கிறது? அவன் நோய்க்கு ஊரில் ஒரே ஒரு வைத்தியம்தான் இருக்கிறது: வெளியே சொல்லாமல் இருப்பது.

தார் சுமக்கும் பெரியவர் ஒருவர். அறுபதைத் தாண்டிவிட்டார். தொடை இடுக்கில் வலப்பக்கம் கோழிமுட்டை அளவில் இருந்த வீக்கம் பல வருஷங்களில் தேங்காய் அளவாகி, விதைப்பை வரைக்கும் இறங்கிவிட்டது. "ஓதம்" என்று தாமே முடிவு கட்டிக்கொண்டார். படுத்தால் வீக்கம் வடியும், எழுந்தால் இறங்கும். சங்கத் தோழர்கள் தனியே கூட்டிப் போய், கூச்சம் தெளியும் மட்டும் காத்திருந்து கேட்டபோதுதான் அவர் முழுவதும் சொன்னார்:

"ஒண்ணுக்கு ரெண்டு தடவையாப் போவுது தம்பி. ஒரு தடவை போயிட்டு எழுந்திரிச்சா முடிஞ்ச மாதிரியே இருக்காது. வீங்கின இடத்தைக் கையாலே மேலே அமுக்குனா மறுபடியும் வருது. நானும் வயசாயிட்டா அப்படித்தான் போலன்னு விட்டுட்டேன்."

தோழர்களே, அந்தப் பெரியவர் சொன்ன இந்த மூன்று வாக்கியங்களிலேயே நோயின் முழு அடையாளமும் இருக்கிறது. ஆனால் அவர் அதற்கு முன் காட்டிய இடங்களில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. கேட்காததால் அவரும் சொல்லவில்லை. "குடலிறக்கம், ஆபரேஷன் செய்யணும்" என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். கூலி போய்விடுமே என்று அவர் அந்தச் சீட்டைக் கூரையில் செருகிவிட்டுத் தார் சுமக்கப் போய்விட்டார்.

அவருக்கு இறங்கியிருந்தது குடல் அல்ல, மூத்திரப்பை.

வயிற்றின் உள்ளுறுப்புகளைத் தாங்கிப் பிடித்திருப்பது தசைச் சுவர். தொடை இடுக்குப் பகுதியில் அந்தச் சுவர் இயற்கையாகவே மெல்லியது. ஆண்களுக்கு விதைக்குச் செல்லும் நாளங்கள் அந்த வழியாகத்தான் வெளியே வருகின்றன. ஆகவே ஒரு சந்து அங்கே எப்போதும் உண்டு. வயது ஏற ஏறத் தசை தளரும். உள்ளே அழுத்தம் கூடும்போது தளர்ந்த இடம் விட்டுக் கொடுக்கும். குடலின் ஒரு வளைவு அதன் வழியே பிதுங்கினால் அது குடலிறக்கம். இடுப்பெலும்புக்குப் பின்னால் இருக்கிற மூத்திரப்பையின் ஒரு பக்கம் இழுபட்டுப் பிதுங்கினால் அது மூத்திரப்பை இறக்கம். தொடை இடுக்கில் இறக்கம் கண்ட நூறு பேரில் ஒருவரிலிருந்து நான்கு பேர் வரை மூத்திரப்பையும் சேர்ந்து இறங்கியிருக்கலாம் என்று வைத்திய நூல்கள் சொல்கின்றன. ஐம்பது வயதைக் கடந்த ஆண்களிடம் இது இன்னும் கூடுதல்.

சுமைதான் காரணமா என்று கேட்டால், டாக்டர்கள் ஒரே குரலில் பதில் சொல்வதில்லை. பிறவியிலேயே சந்து அகன்றிருப்பது, முதுமை, விடாத இருமல், மலச்சிக்கல், முக்கி முக்கி மூத்திரம் போவது என்று பல காரணங்களை அடுக்குகிறார்கள். சரி. இந்தப் பட்டியலை நம்முடைய ஆட்களோடு வைத்துப் பார்ப்போம். பஞ்சுத் தூசியில் இருபது வருஷம் நின்ற மில் தொழிலாளிக்கு இருமல் எங்கிருந்து வந்தது? பீடியின் பங்கும் அதில் உண்டு, மறைக்க வேண்டாம். ஆனால் ப்ளோ ரூமில் தூசி உறிஞ்சும் யந்திரம் ஓடாமல் நின்றது யார் குற்றம்? சுமை மட்டுமே காரணம் இல்லை என்று டாக்டர் சொல்லலாம். வீக்கம் முதல் முதலாக வெளியே தெரிந்தது எந்த வேளையில் என்று தொழிலாளியைக் கேட்டுப் பாருங்கள். மூட்டையைத் தூக்கிய வேளையில் என்றுதான் அநேகமாகச் சொல்வான்.

வயதான ஆண்களுக்கு இன்னொரு காரணம் உண்டு. அது முக்கியமானது. மூத்திரப்பையின் வாயில் பிராஸ்டேட் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. வயதானால் அது பருத்து வழியை நெரிக்கும். பை முழுதாகக் காலியாகாமல் எப்போதும் ஊதியே இருக்கும். மனிதன் முக்கி முக்கிப் போவான். அந்த முக்கலே பையைச் சந்து வழியாக வெளியே தள்ளுகிறது. ஆகவே வீக்கத்தை மட்டும் தைத்துவிட்டுப் பிராஸ்டேட்டைக் கவனிக்காமல் அனுப்பினால், வேலை பாதியில் நின்றதாகத்தான் அர்த்தம். தையல் போட்ட இடத்தையே அந்த முக்கல் மறுபடியும் தள்ளும்.

பெரும்பாலோருக்கு மூத்திரப்பை இறங்கியிருப்பது தெரியவே தெரியாது. சாதாரணக் குடலிறக்கம் போலவே இருக்கும். ஆபரேஷனுக்கு முன்பே கண்டுபிடிக்கப்படுவது பத்தில் ஒன்றுகூட இல்லை என்கிறார்கள். மற்றவையெல்லாம் கத்தி வைத்த பிறகுதான் தெரிய வருகின்றன. இதிலேதான் ஆபத்து இருக்கிறது. பிதுங்கிய பையைச் சுற்றிக் கொழுப்பு மூடியிருக்கும். அனுபவமில்லாத கை அதை வெறும் கொழுப்பு என்றோ, குடல் இறங்கிய பை என்றோ நினைத்து வெட்டினால் மூத்திரப்பை கிழிந்துவிடும். கிழிந்ததை உடனே பார்த்துவிட்டால் பயமில்லை. கரையும் நூலால் தைத்து, ஒரு வாரம் பத்து நாள் ரப்பர் குழாய் போட்டு வைத்தால் ஆறிவிடும். பார்க்காமல் மூடினால் மூத்திரம் உள்ளே கசிந்து உயிருக்கே வரும்.

ஆகவே முன்கூட்டியே தெரிந்துகொள்வதுதான் பாதி வைத்தியம். அதற்கு முதல் கருவி விலை உயர்ந்த யந்திரம் அல்ல, கேள்வி. மூத்திரம் போவதற்கு முன் வீக்கம் பெரிதாகவும், போன பின் சிறிதாகவும் ஆகிறதா? போய் முடித்த பிறகு வீக்கத்தை அமுக்கினால் மறுபடி வருகிறதா? இரவில் நான்கைந்து முறை எழுகிறீர்களா? எரிச்சல் உண்டா, இரத்தம் கலந்து போகிறதா? டாக்டர் கேட்டால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். கேட்காவிட்டால் நீங்களாகவே சொல்லுங்கள். "ரெண்டு தடவையாப் போவுது டாக்டர்" என்கிற ஒரு வாக்கியம் போதும். விஷயம் தெரிந்த டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்.

அடுத்தது ஸ்கேன். மூத்திரம் நிறைந்திருக்கும்போது ஒரு தடவையும், போய்விட்டு வந்த பின் ஒரு தடவையும் வீக்கத்தின் மேல் வைத்துப் பார்த்தால் உள்ளே இருக்கும் நீர் கூடிக் குறைவது திரையிலேயே தெரியும். அதே மூச்சில் சிறுநீரகங்களையும் பார்க்கச் சொல்ல வேண்டும். பை இழுபட்டதால் சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாயும் நெரிபட்டு, சிறுநீரகம் வீங்கிக் கெட்டுப்போவதும் உண்டு. இரத்தத்தில் யூரியா, கிரியாட்டினின் பார்ப்பது இதற்காகத்தான். சந்தேகம் தீராவிட்டால் மூத்திரப்பைக்குள் மருந்துநீர் ஏற்றி எக்ஸ்ரே எடுப்பார்கள். ஒரு பகுதி மேலே, ஒரு பகுதி கீழே, நடுவில் கழுத்து என்று உடுக்கை வடிவத்தில் படம் விழும். சி.டி. ஸ்கேனிலும் தெரியும்.

ஊர்களில் ஒரு வழக்கம் இருக்கிறது. விதைப்பை வீங்கினால் இருட்டில் டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். வெளிச்சம் ஊடுருவினால் "தண்ணீர்தான், ஓதம்தான்" என்று முடிவு செய்வார்கள். நீர் நிறைந்த மூத்திரப்பை இறங்கியிருந்தாலும் வெளிச்சம் ஊடுருவும் என்பதை அறிய வேண்டும். இதை ஓதம் என்று நினைத்து எவனாவது ஊசி குத்தி நீர் எடுக்க வந்தால் விடாதீர்கள்.

இனி வைத்தியம். மருந்து மாத்திரையில் இறக்கம் ஏறாது. பெல்ட்டில் ஏறாது, கடையில் தொங்குகிற பெல்ட் வீக்கத்தை மறைக்கும், அவ்வளவுதான். ஆபரேஷன்தான் வழி. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்து, மூத்திரக் குழாய் வைத்துப் பையைக் காலி செய்துகொண்டு, பிதுங்கிய பாகத்தை மெல்லப் பிரித்து உள்ளே இருந்த இடத்தில் தள்ளி, சந்தின் மேல் ஒரு செயற்கை வலையை வைத்துத் தைத்துவிடுவார்கள். பையை வெட்டி எடுப்பது கிடையாது. அழுகியிருந்தாலோ கட்டி இருந்தாலோ மாத்திரம் அந்தப் பாகத்தை எடுப்பார்கள். மறுநாளே நடக்கலாம். ஆனால் நான்கு முதல் ஆறு வாரம் சுமை தூக்கக் கூடாது.

இந்த வலையின் கதையைத் தொழிலாளிகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

தசையை இழுத்து நூலால் தைக்கும் முறையை 1880-களில் இத்தாலியில் பாஸினி என்ற சர்ஜன் கொண்டுவந்தார். இழுத்துத் தைத்தது சில பேருக்கு மறுபடி விட்டுப் போயிற்று. 1980-களில் அமெரிக்காவில் லிக்டன்ஸ்டைன் என்பவர், இழுக்காமல் மேலே வலை வைத்து மூடும் முறையைப் பரப்பினார். திரும்ப இறங்குவது வெகுவாகக் குறைந்தது. விஞ்ஞானம் முன்னேறியது, கூடவே வியாபாரமும் வந்தது. உள்ளங்கை அகல பிளாஸ்டிக் வலைக்குக் கம்பெனிகள் வைத்த விலையில் ஒரு கூலிக் குடும்பம் மாதக்கணக்கில் சாப்பிடலாம்.

மகாராஷ்டிரத்தில் துளே மாவட்டத்தில் தோண்டாயிச்சா என்ற சிற்றூர். அங்கே டாக்டர் ரவீந்திரநாத் தோங்காவ்ங்கர் என்ற சர்ஜன், ஏழை விவசாயிகளுக்கு ஆபரேஷன் செய்து வந்தவர், ஒரு கேள்வி கேட்டார்: இந்த வலைக்கும் கொசுவலைத் துணிக்கும் என்ன வித்தியாசம்? பரிசோதித்துப் பார்த்தார். நூலிழை ஏறக்குறைய ஒரே இனத்துப் பிளாஸ்டிக். அதை முறைப்படி கிருமி நீக்கிப் பயன்படுத்தினார். வேறு பல கிராமப்புற சர்ஜன்களும் சேர்ந்து செய்து பார்த்து, முடிவை 2003-ல் இந்திய அறுவை மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். சிரித்தவர்கள் உண்டு. பிறகு ஆப்பிரிக்காவில் உகாண்டாவில் 302 ஆண்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கொசுவலைத் துணி, மறு பிரிவுக்கு நூறு டாலருக்கு மேல் விலையுள்ள கம்பெனி வலை என்று வைத்துப் பார்த்தார்கள். ஒரு வருஷம் கழித்துக் கொசுவலைப் பிரிவில் ஒரே ஒருவருக்குத்தான் திரும்ப இறங்கியிருந்தது. மறு பிரிவில் எவருக்கும் இல்லை. கணக்குப்படி இது ஒரு வித்தியாசமே அல்ல. 2016-ல் அமெரிக்காவின் பெரிய வைத்திய இதழான நியூ இங்கிலாந்து ஜர்னலே இதை அச்சிட்டது. ஒரு டாலர் பெறுமானமுள்ள துணியும் நூறு டாலர் வலையும் ஒரே வேலையைச் செய்கின்றன என்றால், மிச்சத் தொகை எதற்கு விலை? வலைக்கா, லாபத்துக்கா?

(இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டுக் கொசுவலையைக் கிழித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம். பூச்சிமருந்து தோய்த்த வலை ஆகாது. எல்லா நூலும் ஆகாது. கிருமி நீக்குவது சர்ஜன் வேலை. மூத்திரப்பை கிழிந்துவிட்ட இடத்தில் வலை வைக்கலாமா என்பதையும் அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.)

அரசு ஆஸ்பத்திரியில் இந்த ஆபரேஷனுக்குக் காசு கிடையாது. திருச்சியில் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை இருக்கிறது, கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்தது. சர்ஜன்கள் இருக்கிறார்கள். 1994-ல் ஏற்படுத்தப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கி விலையைக் குறைத்துக் காட்டியது. பிற மாநிலங்கள் அதைப் பார்த்துப் பின்பற்றின. இந்தப் பெருமையை நாம் குறைத்துப் பேச மாட்டோம். மக்கள் வரிப்பணத்தில், மக்கள் கேட்டுக் கேட்டு வந்தவை அவை.

ஆனால் ஆபரேஷனுக்குக் காசில்லை என்பதாலேயே தொழிலாளிக்கு அது இலவசம் ஆகிவிடுமா? தொட்டியத்திலிருந்து திருச்சிக்கு ஸ்கேனுக்கு ஒரு நாள், இரத்தப் பரிசோதனை முடிவுக்கு ஒரு நாள், மயக்க டாக்டரைப் பார்க்க ஒரு நாள். ஒவ்வொரு நாளும் ஒரு கூலி. கூட வருகிறவனுக்கும் ஒரு கூலி. பிறகு ஆபரேஷன். பிறகு ஆறு வாரம் சுமை இல்லை. சுமை இல்லை என்றால் சோறு இல்லை. "ரெஸ்ட் எடுங்கள்" என்று டாக்டர் எழுதுகிறார். அந்த ரெஸ்ட்டுக்கு யார் படியளப்பது? மூன்றாவது வாரமே தாரைத் தலையில் ஏற்றிக்கொண்டு வரப்பில் நடக்கிறவனை நாம் குறை சொல்ல முடியுமா?

மில் தொழிலாளிக்கு இந்த விஷயத்தில் ஒரு பிடி உண்டு. போராடிப் பெற்ற ஈ.எஸ்.ஐ. கோவையில் 1955-லேயே வந்தது. நோய்க் காலத்தில் சராசரிக் கூலியில் நூற்றுக்கு எழுபது, வருஷத்தில் 91 நாள் வரை. ஆபரேஷன் செய்துகொண்ட தோழர்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும். பலருக்கு இது இருப்பதே தெரியாது. ஒப்பந்தக்காரன் பெயரில் வேலை செய்கிறவனுக்குச் சந்தா கட்டினார்களா இல்லையா என்பது ஆஸ்பத்திரி வாசலில்தான் தெரிய வருகிறது. அன்று தெரிந்து என்ன பயன்? இந்த வாரமே உங்கள் நம்பரைக் கேட்டுப் பாருங்கள்.

விவசாயக் கூலிக்கும் மண்டிச் சுமைக்காரனுக்கும் அதுவும் இல்லை. தூக்கும் எடைக்கு எல்லை உண்டா என்றால், காகிதத்தில் உண்டு. உலகத் தொழிலாளர் ஸ்தாபனம் 1967-ல் கூடி, வயது வந்த ஆண் ஒருவன் தூக்கும் சுமை 55 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று சிபாரிசு செய்தது. அந்த வருஷத்து அதிகபட்ச எடை உடன்படிக்கையை இந்தியா 2010-ல் ஏற்றுக்கொண்டது. நாற்பத்து மூன்று வருஷம் யோசித்திருக்கிறார்கள்! 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 34-வது பிரிவு, காயம் உண்டாக்கும் அளவு சுமையை எவரையும் தூக்க வைக்கக் கூடாது என்று சொன்னது. வாழைத் தோட்டம் தொழிற்சாலை அல்லவே, அதனால் தொட்டியத்து வரப்புக்கு அந்தப் பிரிவு வந்து சேரவே இல்லை. ஒரு பூவன் தார் பதினைந்து கிலோ என்றாலும், ஒருவன் ஒரு நடைக்கு எத்தனை தார் எடுக்கிறான், ஒரு நாளைக்கு எத்தனை நடை நடக்கிறான் என்று எந்த அதிகாரியாவது வரப்பில் நின்று எண்ணியதுண்டா? நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசினால், குறைந்த நடையில் கூடுதல் சுமையைத்தான் மனிதன் எடுப்பான். எடையைத் தீர்மானிப்பது அவன் அல்ல, கூலி விகிதம்.

பங்குனியில் தொட்டியம் மதுரகாளியம்மன் தேரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தத் தேர் வடம் பிடித்து இழுக்கிற தேர் அல்ல. ஆட்கள் தோளில் தூக்கி வருகிற தேர். நூற்றுக்கணக்கான தோள் ஒரே சமயத்தில் கொடுக்கிறார்கள், ஆள் மாற்றி ஆள் வருகிறார்கள், களைத்தவனை விலக்கி வேறொருவன் புகுகிறான். சாமி சுமைக்குக் கிடைக்கிற இந்தத் தோள் மாற்றல் மண்டிச் சுமைக்குக் கிடையாது.

மும்பையில் மூட்டை சுமப்பவர்களுக்காக 1969-ல் மகாராஷ்டிரம் மாதாடித் தொழிலாளர் சட்டம் கொண்டுவந்தது. வியாபாரி கூலியோடு கூட ஒரு தொகையை வாரியத்தில் கட்ட வேண்டும். அதிலிருந்து சுமைக்காரனுக்கு வைத்தியம், விடுமுறை, சேமநிதி. கேரளத்தில் 1978-ஆம் வருஷத்துச் சுமட்டுத் தொழிலாளர் சட்டம் இருக்கிறது. இரண்டும் தானாக வரவில்லை. மூட்டை தூக்கியவர்கள் மூட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டதால் வந்தன. தமிழ்நாட்டிலும் 1982-ல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் செய்தார்கள், வாரியங்களும் வந்தன. ஆனால் ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம் படுத்திருக்கிற மண்டித் தொழிலாளிக்கு வாராவாரம் கூலியின் பங்கு வந்து சேர்கிற ஏற்பாடு இல்லை. தாருக்கு இவ்வளவு என்று கமிஷன் பிடிக்கத் தெரிந்த மண்டிக்கு, தாருக்குச் சில காசு சுமைக்காரன் நிதிக்குப் பிடிக்கத் தெரியாதா?

பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. நாற்று நடுவதிலிருந்து புல்லுக்கட்டு சுமப்பது வரை செய்கிற தாய்மாருக்கும் மூத்திரப்பை இறங்குகிறது. பெரும்பாலும் தொடை இடுக்கில் அல்ல, பிறப்பு வழியாக, கருப்பையோடு சேர்ந்து. பிரசவமாகிச் சில நாளிலேயே களத்துக்குத் திரும்பியவர்களுக்கு இது அதிகம். "அடி இறங்கிடுச்சு" என்று மருமகளிடம்கூடச் சொல்லாமல் துணியை வைத்து அடைத்துக்கொண்டு வேலை செய்கிறார்கள். இதற்கும் வைத்தியம் உண்டு. சங்கத்துப் பெண் தோழர்கள் இதைக் கூட்டத்தில் பேச வேண்டும். ஆண்கள் அப்போது வெளியே உட்காரலாம்.

பெரியவருக்கு வருவோம். ஒரு நாள் அவருக்கு மூத்திரம் அடியோடு நின்றுவிட்டது. தோழர்கள் வண்டி பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இளம் டாக்டர் ஒருவர் குழாய் வைத்ததும் தேங்காய் அளவு வீக்கம் கண்ணெதிரே சுருங்கியதைப் பார்த்துச் சந்தேகப்பட்டு ஸ்கேன் எடுத்தார். முதலில் பிராஸ்டேட்டுக்கு வைத்தியம், பிறகு ஆபரேஷன். இப்போது ஒரே தடவையாகப் போகிறது என்று அவர் சொல்கிறபோது முகத்தில் வருகிற சிரிப்பை ஒரு பச்சைப்பிள்ளையிடம்தான் பார்க்கலாம். ஆறு வாரத்துக்கும் சங்கத்தார் வீட்டுக்கு ஒரு படி என்று அரிசி சேர்த்துக் கொடுத்தார்கள். அது நல்ல காரியம். ஆனால் ஒவ்வொரு சுமைக்காரனுக்கும் அரிசி சேர்க்கச் சங்கத்தாலும் முடியாது, அது அவன் பெற வேண்டிய கூலியும் அல்ல.

ஆகவே நாம் கேட்பது இவை. தாலுகா ஆஸ்பத்திரியிலேயே ஸ்கேனும் அதைப் பார்க்க டாக்டரும் வாரம் முழுவதும் இருக்க வேண்டும். மலிவான வலையை மருத்துவப் பணிகள் கழகம் பரிசோதித்து வாங்கி எல்லா அரசு ஆஸ்பத்திரிக்கும் தர வேண்டும். மண்டிக்காரர்களிடம் வரி பிடித்து, ஆபரேஷன் செய்துகொண்ட சுமைக்காரனுக்கு ஆறு வாரக் கூலி கொடுக்க வேண்டும். தோட்டத்திலிருந்து ரோடு வரை கைவண்டி போகிற அளவு பாதை போட வேண்டும். இது பெரிய செலவு அல்ல, பஞ்சாயத்து நினைத்தால் ஒரு கோடையில் ஆகிற வேலை.

இதற்கிடையில் ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். படுத்தால் உள்ளே போகிற வீக்கம் ஒரு நாள் போகாமல் நின்று, கல்லாய் இறுகி வலித்தால், வாந்தி வந்தால், வயிறு உப்பிக் காற்றுப் பிரியாமல் போனால், அல்லது மூத்திரம் அடைத்துக்கொண்டால், அமுக்கிப் பார்க்காதீர்கள், எண்ணெய் தடவாதீர்கள், விடியட்டும் என்று இருக்காதீர்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். இரவானாலும் போக வேண்டியது ஆஸ்பத்திரிக்கு.